கடைசி பெஞ்சுக்குத் தெரியும்படி

ஜனவரி 20, செவ்வாய்

மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. 'பள்ளிப்பலகை' இணையதளத்தில் ஆசிரியர்கள் காணும் குறைகளைத் தேதி போட்டு எழுதி வைக்க வேண்டுமாம். அடுத்த மாதம் ஆய்வுக் கூட்டத்தில் கேட்பார்களாம். கூட்டுறவு வங்கியில் சும்மா கொடுத்த டைரி ஒன்று பீரோவில் கிடந்தது, எடுத்துக்கொண்டேன். அந்தத் தளத்துக்கு ஒரு டைரி பத்துமா என்பதுதான் சந்தேகம்.

முதல் குறை: எழுத்து தெரியவில்லை. வெள்ளைப் பின்னணியில் சாம்பல் நிற எழுத்து. அதுவும் கடுகு சைஸ். பக்கத்தின் மேலே மட்டும் ஒரு பொம்மை டீச்சர் பாதித் திரையை அடைத்துக்கொண்டு சிரித்தபடி நிற்கிறாள். அவள் சிரிப்பதற்கு இடம் இருக்கிறது, என் பிள்ளைகளின் பேருக்கு இடம் இல்லை. கண்ணாடியை மாற்றி ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதனால் என் கண்ணைக் குறை சொல்லிவிட வேண்டாம்.

நான் பி.எட். படித்தபோது கரும்பலகை எழுத்துக்குத் தனி மதிப்பெண் உண்டு. எங்கள் பேராசிரியை கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, தன் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுப் பார்ப்பார். அவருக்குத் தெரியவில்லை என்றால் பாடம் எவ்வளவு நன்றாக நடத்தினாலும் கதை முடிந்தது. அன்று ஆரம்பித்த பழக்கம், என் போர்டு கடைசி பெஞ்சுக்குத் தெரியும். இந்தத் தளத்தைச் செய்த மகராசன் ஒரு நாளாவது கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பானா?

இரண்டாவது குறை பெயர்கள். நான் நத்தக்குளம் அரசு உயர்நிலைப்பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர், 10-பி வகுப்பாசிரியை. ஊரில் இசக்கியம்மன் கோவில்தான் பெரிய கோவில். வீட்டுக்கு ஒரு பிள்ளைக்காவது அம்மன் பெயர் இருக்கும். என் வகுப்பில் மட்டும் நான்கு இசக்கியம்மாள்கள். வருகைப் பதிவேட்டில் மு. இசக்கியம்மாள், சு. இசக்கியம்மாள் என்று முன்னெழுத்து முன்னால் நிற்கும், ஒரு குழப்பமும் வராது. தளத்தில் முன்னெழுத்தைக் கடைசியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். கட்டமோ ஒல்லி. போனில் பார்த்தால் 'இசக்கியம்ம…', 'இசக்கியம்ம…', 'இசக்கியம்ம…', 'இசக்கியம்ம…'. பக்கத்தில் புகைப்படம் இருக்க வேண்டிய இடத்தில் நாலு பேருக்கும் ஒரே நீல நிற மொட்டைத் தலை.

நான் கூப்பிடுவது வேறு மாதிரி. மு. இசக்கியம்மாள் முன்பெஞ்சு இசக்கி. அப்பா டீக்கடை, பிள்ளை வகுப்பில் முதல். சு. இசக்கியம்மாள் கடைசி பெஞ்சு இசக்கி. உப்பளத்துப் பிள்ளை, அப்பா இல்லை. போர்டைப் பார்த்து எழுதாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதுகிற சோம்பேறிக் கழுதை. எத்தனை தடவை எழுப்பி நிறுத்தியிருப்பேன். இதெல்லாம் குறைப் பட்டியலில் வராதுதான், ஆனால் டைரி என்னுடையது.

ஜனவரி 22

இன்று ஸ்டாஃப் ரூமில் எச்.எம். ஆறுமுகப்பெருமாள் சார் குதித்தார். தளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு வட்டம் உண்டு. எல்லாப் பதிவும் முடிந்தால் பச்சை. ஒன்று பாக்கி என்றாலும் சிவப்பு. வட்டாரத்திலேயே நம் பள்ளி ஒன்றுதான் சிவப்பாம். மீட்டிங்கில் பெரிய திரையில் போட்டுக் காட்டிவிட்டார்களாம்.

"அந்த ஒண்ணு என்ன டீச்சர்? யார் வகுப்பு?"

என் வகுப்புதான். கடைசி பெஞ்சு இசக்கி அரையாண்டு லீவுக்குப் பிறகு வரவில்லை. '10-பி, நீண்ட நாள் வராதவர் 1: முடிவு செய்க' என்று தளம் தினமும் மினுக்குகிறது. யாரென்று சொல்லாது, பட்டியலில் நாமே தேடித் தொட வேண்டும்.

"வாராளா வரலையான்னு ஒரு முடிவு எடுங்க. இடைநின்றவள்னு போட்டாலும் போட்டதுதான். பாக்கின்னு நிக்கக்கூடாது."

உப்பளத்துக்குப் போய் விசாரிக்கலாம்தான். வாக்காளர் பட்டியல் வேலை, அரையாண்டு விடைத்தாள், விலையில்லாச் சைக்கிள் கணக்கு, எல்லாவற்றுக்கும் எனக்கு இருப்பது இரண்டு கால்கள்.

ஜனவரி 23

போட்டுவிட்டேன். வட்டம் பச்சை.

பொத்தானை அழுத்தியதும் திரை முழுக்கப் பூ கொட்டியது. சத்தியமாக. சிவப்பும் மஞ்சளுமாக, கல்யாண வீட்டில் தூவுகிற மாதிரி. 'அருமை! பணி நிறைவு!' என்று ஒரு வரி. ஒரு பிள்ளை படிப்பை விட்டுவிட்டாள் என்று பதிந்ததற்குப் பூ. யாருக்குத் தோன்றியது இந்தப் புத்தி? குறை மூன்று.

எச்.எம். எல்லாருக்கும் உளுந்த வடை வாங்கிக் கொடுத்தார். நான் சாப்பிடவில்லை. எண்ணெய் வடை எனக்கு ஒத்துக்கொள்ளாது.

ஜனவரி 27

குறை மட்டுமே எழுதினால் பொறாமைக்காரி என்பார்கள். ஒரு நல்லதும் எழுதுகிறேன்.

யாரோ ஒரு கணக்கு வாத்தியார் தானே செய்து வைத்திருக்கிற வினாத்தாள் தளம் ஒன்று இருக்கிறது. 'வாத்தியார் பெட்டி' என்று பெயர். பார்க்க ஒரு பவுசும் கிடையாது. வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து. திறந்ததும் 6, 7, 8, 9, 10 என்று ஐந்து பெரிய கட்டங்கள், என் கட்டைவிரல் தாராளமாக உட்காரும். பத்தைத் தொட்டால் பாடங்கள், பாடத்தைத் தொட்டால் வினாத்தாள். ஒரு திரையில் ஒரே கேள்விதான் கேட்கிறது. எதையாவது அழிக்கப் போனால் 'இந்தத் தாளையா?' என்று முழுப் பெயரையும் பெரிதாகக் காட்டிக் கேட்கிறது. சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் திறக்கிறது. சந்தேகமே இல்லை, இந்த ஆள் போர்டில் எழுதிக் கை வலித்தவர்.

சாயங்காலம் இவரிடம் காட்டினேன். என் வீட்டுக்காரர் செல்லத்துரை, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "எங்க டிக்கெட் மெஷின்ல பெரிய பட்டன் நாலுதான் இருக்கும். கூட்டத்துல ஆடிக்கிட்டே அடிக்கணும்லா" என்றார். பிறகு, "நீ ரெண்டு நாளா யாரு மேல கோவமா இருக்க?" என்று கேட்டார்.

சைட் மேல்தான் என்றேன். சாளை மீன் குழம்பில் உப்பு கூடிவிட்டது.

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதியாக வேண்டும்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான வரைவுப் பட்டியல் வந்தது. அச்செடுத்து வகுப்பில் வாசித்தேன், ஆளாளுக்குத் தன் பெயரும் பிறந்த தேதியும் சரியா என்று பார்க்க. முடித்ததும் முன்பெஞ்சு இசக்கி எழுந்து நின்றாள். "டீச்சர், என் பேரு வரல."

வந்திருக்கும்ட்டி, சரியாகக் கேள் என்று அதட்டினேன். மறுபடி வாசித்தேன். மூன்று இசக்கியம்மாள்கள்தான். ஒவ்வொரு பெயரின் பின்னாலும் முன்னெழுத்தைப் பார்த்தேன். சு. இருந்தது. மு. இல்லை.

அச்சுத் தாளில் பெயர் முழுசாக இருக்கிறது. போனில்தான் வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. அன்றைக்கு நான் தொட்டது முன்பெஞ்சு இசக்கியின் வரியை. தினமும் வகுப்புக்கு வருகிற, முதல் மார்க் வாங்குகிற பிள்ளையை, 'இடைநின்றவள்' என்று பூப் போட்டு வழியனுப்பி வைத்திருக்கிறேன். கடைசி பெஞ்சு இசக்கி பட்டியலில் ஜம்மென்று இருக்கிறாள்.

பதின்மூன்றாம் தேதிக்குள் திருத்தாவிட்டால் இந்த வருஷம் அவளுக்குப் பரீட்சை இல்லை. ஒரு வருஷம் வீட்டில் இருந்தால் அப்புறம் எங்கே படிப்பு? தாய்மாமன் ஒருத்தர் திருப்பூரிலிருந்து மாதம் ஒரு தடவை வந்து, பனியன் கம்பெனி வேலைக்கு அனுப்பச் சொல்லிப் பேசிவிட்டுப் போகிறாராம். அவள் அழவில்லை. "டீச்சர், நான் நேத்துகூட வந்தேன்லா" என்று மட்டும் கேட்டாள்.

நாசமாய்ப் போன கட்டம். இன்னும் ஒரு விரல் அகலம் கூட்டியிருந்தால் என்ன குடியா முழுகிப்போயிருக்கும்?

பிப்ரவரி 4

உதவி எண்ணுக்கு இடைவேளையில் பாதி, மத்தியானச் சாப்பாட்டு நேரம் பூரா முயன்று ஒரு பையன் கிடைத்தான்.

"மேடம், போனைப் படுக்க வச்சுப் பாருங்க. முழுப் பேரும் தெரியும்."

"என்னது?"

"சாய்ச்சுப் பிடிங்க மேடம். அகலமா ஆயிரும்."

சாய்த்துப் பிடித்தேன். தெரிந்தது. மு., சு., எல்லாம் தெரிந்தது. அந்த நிமிஷம் போனை ஜன்னல் வழியாக எறியாமல் இருந்ததற்கு எனக்கு யாராவது நல்லாசிரியர் விருது கொடுக்கலாம். போனைச் சாய்த்தால்தான் பிள்ளையின் அப்பா பெயர் தெரியும் என்று எந்த வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள்?

திருத்துவது எப்படி என்று கேட்டேன். பட்டியல் பூட்டியாகிவிட்டதாம். ஒரே வழிதான் இருக்கிறதாம். 'மாற்றுப் பதிவு' என்று ஒரு பொத்தான். இன்னாருக்குப் பதிலாக இன்னார். "சு. ஸ்டூடண்ட இறக்குனா மு. ஸ்டூடண்ட் தானா ஏறிடுவாங்க மேடம். அந்த சு.தான டிராப் அவுட்?"

நல்லதாகப் போயிற்று என்றுதான் முதலில் நினைத்தேன். அழுத்திவிடலாம் என்று பக்கத்தையும் திறந்தேன். மணி அடித்துவிட்டது.

பிப்ரவரி 5

முன்பெஞ்சு இசக்கியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "கவலப்படாதட்டி. அவ பேர எடுத்துட்டு ஒம்பேரப் போட்டுரலாம்."

அவள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் முகம் இருண்டது.

"அவ எழுதணும்னுல்லா சொன்னா டீச்சர்."

"யாரு?"

"சுடலைமுத்து மவ இசக்கி. உப்பளத்துலேர்ந்து வந்ததும் தெனமும் எங்க கடைக்கு வருவா. என் நோட்ட வாங்கி எழுதிட்டுப் போவா. எப்பவுமே என் நோட்டத்தான பாத்து எழுதுவா. அவ அம்மைக்குக் கால் சரியானதும் வந்துருவேன்னு சொன்னா."

"இத ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கல டீச்சர்."

வெடுக்கென்று சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னாள். அதுதான் இன்னும் எரிகிறது. போய்ப் படி என்று விரட்டிவிட்டேன்.

பிப்ரவரி 7, சனி

இவர் வண்டியில் உப்பளத்துக்குப் போனேன். பத்து மணிக்கே கண்ணைத் திறக்க முடியவில்லை. பாத்தி பாத்தியாக வெள்ளை, மேலே வெயில், கீழே அதே வெயில். நிழல் என்று கையகல இடம் கிடையாது.

கடைசி பெஞ்சு இசக்கி நீளக் கம்பில் கட்டிய பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். பள்ளிச் சட்டைக்கு மேல் பழைய ஆண்சட்டை. என்னைப் பார்த்ததும் கம்பைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வகுப்பில் எழுப்பி நிறுத்தினால் எப்படி நிற்பாளோ அப்படி.

தாய் சண்முகக்கனி ஓலை மறைப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். காலில் உப்பு தின்ற புண், துணி சுற்றியிருந்தது. "வாங்க டீச்சர்" என்று எழுந்திருக்கப் போனவளை உட்கார வைத்தேன்.

"எடத்த விட்டா அடுத்த ஆளு வந்துரும் டீச்சர். அதான் கால் ஆறுத வரைக்கும் புள்ளய நிறுத்திருக்கேன். மாசிக்குள்ள அனுப்பிருவேன்."

நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். கட்டம் சின்னது, பெயர் வெட்டுப்படுகிறது, முன்னெழுத்து கடைசியில் போய்விட்டது, போனைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், பூ வேறு கொட்டுகிறது. கோபத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. படித்துச் சம்பளம் வாங்குகிறவன்கள் இப்படியா செய்து வைப்பான்கள் என்று கத்தினேன்.

சண்முகக்கனி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்.

"அப்பம் நீங்க எம்மவ பேரத்தான் அடிக்கணும்னு நெனச்சிய. தப்பிப் போயி அந்தப் புள்ள மேல விழுந்துட்டு."

நல்ல வெயில். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். இசக்கி ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். வரும் வழியில் பலகையில் இடித்துக்கொண்டாள், கண் கூசியிருக்கும்.

பிப்ரவரி 8

ஞாயிறு. சர்ச்சுக்குப் போனேன். பிரசங்கம் காதில் ஏறவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

எச்.எம். அறையில் சண்டை. கதவு திறந்து கிடந்தது, பள்ளிக்கூடமே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

"மாற்றுப் பதிவ அழுத்துங்க டீச்சர். ஒரு நிமிஷ வேல. அளத்துப் புள்ள எப்படியும் வரப்போறதில்ல."

"வருவா சார். அவ அம்மா சொல்லியிருக்கா."

"வரலேன்னா? வராம ஆப்சென்ட் ஆனா நம்ம தேர்ச்சி சதவீதம் என்னாகும்? நல்லாப் படிக்கிற புள்ள எதிர்காலத்தப் பாருங்க."

"நல்லாப் படிக்கிறவ எதிர்காலத்துக்கு இன்னொருத்திய ஏன் சார் பலி குடுக்கணும்? ரெண்டு பேரும் நம்ம பிள்ளைங்கதான?"

"இத சொல்லுத நீங்கதான டீச்சர் போன மாசம் அவள இடைநின்றவள்னு போட்டிய?"

"நீங்கதான சார் வட்டம் செவப்பா இருக்குன்னு குதிச்சிய? வட்டத்துக்கு ஒரு பிள்ளையா?"

அவர் மேசையைத் தட்டினார். நானும் தட்டினேன். அவர் மேசைக் கண்ணாடியில் ஏற்கெனவே விரிசல் இருந்தது, இப்போது கொஞ்சம் நீண்டிருக்கிறது. நாளை மறுநாள் மாவட்ட அலுவலகத்துக்குப் போக எனக்கு விடுப்பு வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கடைசியில் கையெழுத்துப் போட்டார், பாவம். அவர் தலைக்கு மேலும் ஒரு வட்டம் இருக்கத்தான் செய்கிறது.

பிப்ரவரி 11

அலுவலகத்தில் என்னை நாலு மேசைகளுக்கு அலைய விட்டார்கள். கடைசியில் ஒரு பெண் அதிகாரி. வயசு முப்பதுக்குள் இருக்கும். தன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "இங்க நல்லாத்தானே தெரியுது டீச்சர்?"

தெரிந்தது. சின்ன ஜன்னல் அகலத்துக்குத் திரை. இசக்கியம்மாள் மு., இசக்கியம்மாள் சு., எல்லாம் கால் நீட்டிப் படுத்திருந்தன. இப்படி ஒரு திரையில் பார்த்துத்தான் இந்தத் தளத்தைச் செய்திருக்கிறார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டும், மரத்தடியில் சிக்னல் தேடிக்கொண்டும், உடைந்த போனில் பார்க்கிறவர்கள் கணக்கிலேயே இல்லை.

அந்த அறையில் அன்றாட அலுவல் எழுதுகிற வெள்ளைப் பலகை ஒன்று இருந்தது. யாரையும் கேட்கவில்லை. மார்க்கரை எடுத்து, போனில் தெரிகிற மாதிரியே எழுதினேன். 'இசக்கியம்ம…' என்று ஒன்றன் கீழ் ஒன்றாக நான்கு தடவை. பக்கத்தில் நான்கு மொட்டைத் தலைகள்.

"இதுல ஒருத்தி தினமும் வகுப்புக்கு வாரா. ஒருத்தி உப்பளத்துல நிக்கா. யாரு யாருன்னு இந்த ரூம்ல ஒருத்தர் சொல்லுங்க, நான் பேசாம போயிருதேன்."

ஒரு கிளார்க் மூன்றாவதைக் காட்டினார். எதற்கு என்று கேட்டேன். சும்மா தோணிச்சு என்றார். "எனக்கும் அப்படித்தான்யா தோணிச்சு!" என்று கத்திவிட்டேன்.

அதிகாரி எழுந்து வந்து பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "மாற்றுப் பதிவு வேண்டாம். கூடுதல் சேர்ப்புன்னு நான் எழுதுறேன். ஆனா வெள்ளிக்கிழமை நேர்ல வருவேன். ரெண்டு பிள்ளைகளும் வகுப்புல இருக்கணும். அளத்துல இருக்கிற பொண்ணு இல்லேன்னா அவ பேர நான் எடுத்துத்தான் ஆகணும் டீச்சர்."

வெளியே வந்து அலுவலக வாசல் பெட்டிக்கடையில் சோடா குடித்தேன். கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது.

பிப்ரவரி 12

சண்முகக்கனியின் இடம் போகாமல் பிள்ளை எப்படி வருவாள் என்று எனக்கு விளங்கவில்லை. இவர் காபியை ஆற்றிக்கொண்டே, "அந்த அளத்துக் கங்காணி என் பஸ்லதான் வருஷக்கணக்கா வருவாரு" என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பினார்.

"கால் ஆறுத வரைக்கும் உக்காந்து சாக்குத் தைக்கட்டும்னுட்டாரு. கூலி கொஞ்சம் கொறையும். எடம் போகாது."

"நீங்க என்ன சொன்னிய?"

"நான் என்ன சொல்ல? ஒங்க வீட்டுப் புள்ள பரீட்சைக்குப் பிந்தி ஓடிவந்த அன்னிக்கு நான் பஸ்ஸ நிறுத்துனேம்லான்னேன்."

இந்த மனுஷனைக் கட்டியது என் வாழ்க்கையில் நான் சரியாக அழுத்திய பொத்தான்.

பிப்ரவரி 13, வெள்ளி

காலையில் கடைசி பெஞ்சு இசக்கி வந்துவிட்டாள். எண்ணெய் தேய்த்து வாரிய தலை, கறுத்துப்போன கை. பேசாமல் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். முன்பெஞ்சு இசக்கி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

அதிகாரி பதினொரு மணிக்கு எச்.எம்.மோடு வந்தார். நான் போர்டில் பாடம் எழுதி வைத்திருந்தேன். என் எழுத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இன்று இன்னும் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தேன். அவர் நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய் இசக்கியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உன் பேரு?"

"சு. இசக்கியம்மாள் மேடம்."

"போர்டுல எழுதியிருக்கிறத வாசிம்மா."

இசக்கி எழுந்தாள். போர்டைப் பார்த்தாள். வாயைத் திறந்து மூடினாள். எச்.எம். நெற்றியைச் சொறிந்தார், படிக்கவே தெரியாத பிள்ளை என்று நினைத்திருப்பார். பயப்படுகிறாள் என்று நான் நினைத்தேன். "வாசிட்டி, பெருசாத்தான எழுதியிருக்கேன்" என்றேன்.

"தெரியல டீச்சர்."

"எந்த எழுத்து தெரியல?"

"போர்டே தெரியல டீச்சர். வெள்ளையா என்னமோ இருக்கு."

அதிகாரி பாடப் புத்தகத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டு, ஒரு பத்தியை ஒரு இடத்திலும் தடுக்காமல் வாசித்தாள்.

"எப்பலேர்ந்தும்மா தெரியல?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆறாம் வகுப்புலேர்ந்து மேடம்."

அதிகாரி அங்கேயே தன் லேப்டாப்பைத் திறந்து மு. இசக்கியம்மாளைச் சேர்த்து, இரண்டு பேரும் பட்டியலில் இருப்பதைக் காட்டினார். "கண் பரிசோதனைக்கு எழுதித் தாங்க டீச்சர், ஆஸ்பத்திரியில நான் சொல்றேன்" என்றுவிட்டுப் போனார்.

பிள்ளை சேர்ந்ததற்குத் திரையில் பூ ஒன்றும் கொட்டவில்லை. 'மாற்றம் பதிவானது' என்று சாம்பல் நிறத்தில் கடுகு எழுத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். இரண்டு பேரும் 'சரிபார்ப்பில்' என்று இருப்பதால் வட்டம் மறுபடி சிவப்பாகிவிட்டது. எச்.எம். பெருமூச்சு விட்டார், ஆனால் குதிக்கவில்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து! எத்தனை டீச்சர்கள், எத்தனை வாத்தியார்கள்! ஒருத்தருக்காவது தோன்றவில்லையா? பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிற பிள்ளை ஏன் எழுதுகிறது என்று ஒருத்தராவது கேட்டார்களா? எல்லாருக்கும் முகத்தில் கண் இருந்து என்ன பிரயோஜனம்?

ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் நான்.

பிப்ரவரி 16

அவளை முன்பெஞ்சுக்கு மாற்றினேன். அப்படியும் முழுக்கத் தெரியவில்லை. எழுத்தைப் பெரிதாக்கினேன், இன்னும் பெரிதாக்கினேன். போர்டில் ஐந்து வரிதான் பிடித்தது. ஐந்து வரி போதும் என்று வைத்துக்கொண்டேன்.

இவர் மத்தியானம் அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனார். கண்ணாடி வர ஒரு வாரம் ஆகுமாம்.

பிப்ரவரி 19, வியாழன்

ஆய்வுக் கூட்டம். வட்டாரத்து ஆசிரியர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். மேடையில் அந்த அதிகாரியும் இருந்தார். பள்ளிப்பலகையில் குறை ஏதும் உண்டா என்று கேட்டார்கள். நெட் ஸ்லோ என்றார் ஒருவர். மற்றபடி நன்றாக இருக்கிறது என்றார்கள். டைரி எழுதியது நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

எழுந்து போய் மைக்கைப் பிடித்து வாசித்தேன். சாம்பல் எழுத்து. வெட்டுப்பட்ட பெயர். கடைசிக்குப் போன முன்னெழுத்து. மொட்டைத் தலை. சாய்த்துப் பிடிக்க வேண்டிய போன். 'இந்தப் பிள்ளையையா?' என்று ஒரு தடவை கேட்காத பொத்தான். சேர்த்தால் சாம்பலும் நீக்கினால் பூவும். பிள்ளையை எண்ணாமல் வட்டத்தை எண்ண வைக்கிற சிவப்பு. வாசிக்க வாசிக்கக் கோபம் ஏறியது. "கடைசி பெஞ்சிலேர்ந்து பார்த்தா தெரியணும். தெரியாத எழுத்த எழுதுனவங்க பரீட்சையில பெயில்!" என்றேன். கை தட்டினார்கள். நல்ல கைதட்டல்.

அதிகாரி குறித்துக்கொண்டார். "எல்லாத்தையும் அனுப்புறேன் டீச்சர். அவ்வளவுதானா?"

சாதாரணமாகத்தான் கேட்டார். முகத்தில் ஒன்றும் இல்லை. நான் டைரியை மூடப் போனேன். இசக்கி போர்டே தெரியவில்லை என்ற பதின்மூன்றாம் தேதிப் பக்கம் விரலுக்கு அடியில் இருந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றேன். "இது சைட்ல உள்ள குறை இல்ல."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தையும் வாசித்தேன். இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. அதிகாரியிடம், குறைப் படிவத்தில் 'இடம்' என்ற கட்டத்தில் 10-பி கரும்பலகை என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.